பபூன் வர்றாரு, பாயை விரி!

திண்டுக்கல் சமவெளியில் விடிய விடிய நடக்கும் பகடி மேடையில் ஓர் இரவு

மணி பத்தேகால். அகரத்தை அடுத்த ஒரு கிராமம். வைகாசிப் புழுக்கம். அம்மன் கோயில் திடலில் கோரைப்பாய், சாக்கு, பழைய சேலை என்று கைக்குக் கிடைத்ததை விரித்து ஊரே இடம் பிடித்துவிட்டது. தலையணையோடு வந்தவர்களும் உண்டு. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், மேடையை ஒட்டிக் குழந்தைகள். ஓரத்தில் சுக்குக் காபிக் கேனும் வறுகடலை வண்டியும்.

ஹார்மோனியம் சுருதி பிடிக்கிறது. மிருதங்கம் சேர்கிறது. பளபளக்கும் பட்டுச் சட்டையில் ஒருவர் நிதானமாக நடந்து வந்து, மைக்கைக் கும்பிட்டு, கண்ணை மூடி உச்ச ஸ்தாயியில் ஒரு சங்கதியைப் பிடிக்கிறார். நல்ல குரல். திடல் அடங்குகிறது. சங்கதி நீள்கிறது. இன்னும் நீள்கிறது. மிருதங்கக்காரர் வாட்ச்சைப் பார்க்கிறார். ஹார்மோனியக்காரர் துருத்தியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார். பாடுகிறவர் ஒற்றைக் கண்ணை மட்டும் திறக்கிறார்.

"அண்ணே, ஏத்திவிட்டுட்டு ஏணியை எடுத்துட்டுப் போயிட்டீங்களே, நான் எப்படி இறங்குறது?"

திடல் குலுங்குகிறது. கதாநாயக வேடம் போடும் ராஜபார்ட் நடிகர்கள் தொண்டையைக் காட்ட இழுக்கும் அந்த இழுவையைத்தான் நாடகக் கோமாளியான பபூன் உல்டா அடித்திருக்கிறார். சிரிப்பு அடங்குமுன் ஒரு பழைய சினிமா மெட்டுக்குத் தாவி ரேஷன் கடைக்குப் போய்விடுகிறார்: 'கார்டை நீட்டுனா கைரேகை விழல, கைரேகை விழுந்தா பருப்பு வரல!' பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் கைதட்டல்.

என் பக்கத்துப் பாயில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா திரும்பிப் பார்த்தார். "இதுக்கே இப்படிச் சிரிக்கிறீகளே, இன்னும் எம்புட்டு இருக்கு!" எத்தனையாவது தடவை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "எண்ணிப் பார்த்தா சாமி குத்தம்" என்றார். மடியில் பேரன், ஏழு வயது இருக்கும், இமைக்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சபாவுக்கு டிக்கெட், திடலுக்குப் பாய்

நகைச்சுவை நாடகம் என்றதும் சென்னை சபாக்கள்தான் பலருக்கு நினைவு வரும். சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968-ல் மேடையேறி அரசியல்வாதிகளைத் தூங்கவிடாமல் செய்தது. எஸ்.வி.சேகர் பாரதக் கதையைப் புரட்டிப்போட்டு 'மகாபாரதத்தில் மங்காத்தா' நடத்தினார். 1979-ல் 'கிரேஸி கிரியேஷன்ஸ்' தொடங்கிய கிரேஸி மோகன், 2019-ல் மறையும் வரை வார்த்தையை வைத்தே வயிற்றைப் புண்ணாக்கினார். இப்போது ஸ்டாண்ட்-அப் காமெடி. டிக்கெட்டை போனிலேயே எடுத்து, ஏசி அரங்கில் போய் உட்கார்ந்து சிரித்துவிட்டு வரலாம்.

திண்டுக்கல் சமவெளியின் கதை வேறு. தாடிக்கொம்பு, அகரம், குடகனாற்றை ஒட்டிய கிராமங்கள், கரூர் சாலையில் மேலே போனால் வரும் ஊர்கள் எதிலும் நாடகத்துக்கென்று கட்டடம் கிடையாது. முத்தாலம்மனோ மாரியம்மனோ காளியம்மனோ, சாமி கும்பிடும் திடல்தான் தியேட்டர். ஊர் வரிதான் டிக்கெட். அங்கே நடக்கும் நாடகம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்'. சுவாமிகள் மறைந்தது 1922-ல். நூறாண்டு தாண்டியும் அவர் கதை ஓடுகிறது. அதற்குள் புகுந்து அதையே கேலி செய்யும் பபூனும் கூடவே ஓடுகிறார்.

ஒத்திகையே பார்க்காத கூட்டம்

இந்த நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், வேலன் வேறோர் ஊரிலிருந்து, நாரதர் மூன்றாவது ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, 'ஸ்பெஷலாக', பேசி முன்பணம் கொடுத்து வரவழைப்பதால் வந்த பெயர் அது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் இருக்கும் நாடக நடிகர் சங்கங்கள்தான் இவர்களுக்குத் தாய்வீடு. மேடைக்குப் பின்னால் ஒப்பனை போடும்போதுதான் பலரும் அன்றைக்கு முதல்முறையாக முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாருக்கும் கதை மனப்பாடம். பார்க்கிறவர்களுக்கும் மனப்பாடம். நாரதர் ஓரடி எடுத்தால் பாயில் படுத்திருப்பவர் அடுத்த அடியை முணுமுணுப்பார். தெரிந்த கதையில் எங்கே கோணலாக மடிப்பது என்பதுதான் பபூனின் வித்தை.

அன்றிரவு பதினொன்றரைக்கு ஒரு மடிப்பு விழுந்தது. பபூனுக்கு ஜோடியான டான்ஸ் பெண் வந்தாயிற்று. வழக்கம்போல் இருவரும் நடுமேடையில் மோதிக்கொண்டு, 'கண்ணு தெரியலையா?' என்று சண்டை போட்டு, சமாதானமும் ஆயிற்று. பபூன் திடீரென்று துண்டை முக்காடாகப் போட்டு, முதுகைக் கூனி, தள்ளாடி நடந்தார். இருமினார். "அம்மா… பசிக்குதம்மா…" டான்ஸ் பெண் கேட்டார், "என்ன தாத்தா வேணும்?" திடலே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு சீரக சம்பா பிரியாணி. லெக் பீசு இருக்கணும்."

சிரிப்பு அடங்கவே இல்லை. பிரியாணி வந்தது. விக்கல் எடுத்தது. "தண்ணி!" என்று தாத்தா அலற, டான்ஸ் பெண் இல்லாத கேன் தண்ணீரைத் தோளில் தூக்கிவந்து, "முப்பது ரூவா, சில்லறையா குடு" என்று கை நீட்டினார்.

வெளியூர்க்காரருக்கு இதில் பாதிதான் புரியும். வள்ளியிடம் முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்பார். தின்றதும் விக்கும், தண்ணீர் கேட்பார், பிறகு யானை வரும், பயத்தில் வள்ளி கிழவனையே கட்டிக்கொள்வாள். நாடகத்தில் அந்தக் காட்சி அதிகாலை மூன்று, நான்கு மணிக்குத்தான் வரும். நகல் பதினொன்றரைக்கே வந்துவிட்டது, அசல் வர இன்னும் நான்கு மணி நேரம். அப்படியும் திடல் முழுக்கச் சிரித்ததென்றால், அசல் மேடைக்கு வருமுன்பே எல்லார் மனசிலும் இருக்கிறது என்று பொருள்.

பெட்டிச் செய்தி: மேடைச் சொற்கள்

ராஜபார்ட்: கதாநாயகன். 'வள்ளி திருமண'த்தில் வேலன், வேடன், விருத்தன் எல்லாம் அவரே.

ஸ்திரீபார்ட்: கதாநாயகி, இங்கே வள்ளி.

டான்ஸ்: பபூனுக்குச் சரிக்குச் சரி ஆடி, பாடி, பதிலடி கொடுக்கும் பெண். காமெடியின் பாதி பலம் இவர்.

பின்பாட்டு: ஹார்மோனியம் வாசித்தபடியே கூடப் பாடுகிறவர். பபூனின் கிண்டலுக்கு முதல் பலி.

ஆல்ரவுண்ட்: தாளத்தோடு அடி, உதை, இடி, விழும் சத்தம் எல்லாம் தருகிறவர்.

தர்க்கம்: நாரதரும் வள்ளியும், வேலனும் வள்ளியும் நடத்தும் பாட்டும் பேச்சுமான வாதப்போர். ரசிகர்களுக்கு நாடகமே இதுதான்.

கேலிக்கு வயது 1,400

பபூன் என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆள் நம்ம ஊர் ஆள். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று வடமொழியில் ஒரு கேலி நாடகம் எழுதினான். கபால ஓட்டைத் தொலைத்த காபாலிகனும் அதைத் திருடியதாகப் பழி சுமக்கும் பௌத்தத் துறவியும் காஞ்சித் தெருவில் அடித்துக்கொள்ளும் கதை. அரசனே அந்தக் காலத்துச் சாமியார்களைக் கலாய்த்திருக்கிறான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனையே மறித்துக் கேள்வி கேட்டான். தோற்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் புகுந்து ஊர்வம்பு பேசினார்கள்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஒருபடி மேலே போனார். நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபத்தை அப்படியே எடுத்து, உருவத்தை மாற்றாமல் உள்ளடக்கத்தை மாற்றி 'கிந்தனார்' ஆக்கினார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், கிந்தன் படிக்க ஏங்கினான். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அதைப் பார்க்கலாம். அசலின் மேல் மரியாதை குறையாமலே அதைக் கொண்டு புதிய சேதி சொல்லலாம் என்று காட்டியவர் அவர்.

திண்டுக்கல்லுக்கும் இதில் பங்கு உண்டு. நவீன நாடகத்தின் திருப்புமுனைகளில் ஒன்று, 1977-ல் பக்கத்துக் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை. ஊர்ப் பெயரையே அடைமொழியாகக் கொண்ட திண்டுக்கல் ஐ.லியோனி, பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே பட்டிமன்ற மேடையைப் பாட்டுக் கச்சேரியாகவும் சிரிப்பு மேடையாகவும் மாற்றினார். பழைய பாட்டா, புதிய பாட்டா என்று அவர் கேட்டபோது கூட்டம் சிரித்ததற்குக் காரணம், இரண்டு பாட்டும் கூட்டத்துக்குத் தெரியும்.

விஜய் டிவியின் 'லொள்ளு சபா' வெற்றிப் படங்களைக் காட்சிக்குக் காட்சி உரித்தது. அதில் பழகிய சந்தானம் சினிமாவை ஆண்டார். மதுரைக்காரரான ரோபோ சங்கர், உடம்பெல்லாம் வண்ணம் பூசிக் கிராம மேடைகளில் ரோபோபோல ஆடித்தான் அந்தப் பெயரைச் சம்பாதித்தார். 2025 செப்டம்பரில் அவர் மறைந்தபோது, திருவிழா மேடைக்கும் ஒரு சொந்தக்காரர் போனார்.

பெட்டிச் செய்தி: சிரிப்பைக் கண்டு பயந்த சட்டம்

1876: கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப்போய் வரவேற்ற ஒரு பிரபல வழக்கறிஞரைக் கேலி செய்து 'கஜதானந்த ஓ யுவராஜ்' என்ற பிரகசனம் அரங்கேறியது. ஆங்கில அரசு கொதித்தது. அதே ஆண்டில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது.

1954: எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய புயலுக்கு நடுவே சென்னை மாநிலத்தில் தனி நாடகச் சட்டம் பிறந்தது. மேடையேற்றுமுன் பிரதியைக் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் பல பத்தாண்டு நீடித்தது.

2013: பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பத்து மணிப் பூட்டு

பிரதியைக் கேட்கும் சட்டம் போனது. கடிகாரத்தைக் காட்டும் விதி நிற்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு தரலாம். ஸ்பெஷல் நாடகம் ஆரம்பிப்பதே பத்து மணிக்கு!

நோயாளி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போகிறவர் எல்லாருக்கும் தூக்கம் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால், சினிமாப் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போகும் ஆடல் பாடல் நிகழ்ச்சியும் எட்டு மணி நேரக் கதை நாடகமும் ஒரே அனுமதி மனுவில்தான் அடங்குகின்றன. ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, அரசியல் வாடை கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பல வழக்குகளில் போட்ட நிபந்தனைகள் இரண்டுக்கும் பொருந்துகின்றன. அனுமதி கிடைக்குமா, எத்தனை மணி வரை கிடைக்கும் என்று கடைசி வரை தெரியாமலே நோட்டீஸ் அடிக்க வேண்டியிருக்கிறது. சில ஊர்களில் நாடகம் விடிய விடிய ஓடுகிறது. சில ஊர்களில் வள்ளி தினைப்புனத்துக்குப் போகுமுன்பே மைக் அணைகிறது.

'காமெடி மட்டும் போதும்ணே!'

நேரம் சுருங்கினால் எதை வெட்டுவது? விழாக் குழுவினர் தயங்காமல் சொல்லும் பதில்: "தர்க்கத்தைக் குறைச்சுக்கங்க. காமெடி மட்டும் போதும்ணே!" இளவட்டங்கள் ஒரு மணி வரைதான் உட்காருவார்கள், நாரதர் வந்ததும் பைக்கை எடுத்துவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு.

பார்வைக்கு இது பபூனுக்கு லாபம். கூடுதல் நேரம், நோட்டீஸில் பெரிய படம், கூடுதல் அன்பளிப்பு. உண்மையில் வெட்டுப்படுவது அவர் உட்கார்ந்திருக்கும் கிளை. ராஜபார்ட்டின் இழுவையை ஒருமுறையாவது கேட்டவர்களுக்குத்தான் ஏணி ஜோக்குக்குச் சிரிப்பு வரும். தேனும் தினைமாவும் தெரிந்த வீட்டில்தான் பிரியாணிக்கு ருசி. தர்க்கம் போய்விட்டால் கேலி செய்ய மிச்சமிருப்பது சினிமாவும் பெண்களும்தான். மேடையில் மாமியார், மருமகள், கறுப்பு நிறம், குண்டு உடம்பு என்று மலிவுச் சரக்கு ஏறுவதற்கு ஒரு காரணம் இது. பொதுவாகத் தெரிந்த கதை ஒன்று இல்லாதபோது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடம்பைத்தான் கேலி செய்ய முடிகிறது.

நகரத்து மேடையிலும் இதே கணக்குதான். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான அலெக்சாண்டர் பாபு, சினிமாப் பாடகர்களின் குரலை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சிரிக்கவைக்கிறார் என்றால், அரங்கில் இருப்பவர்கள் அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர்கள்.

செல்போன் வேறு சேர்ந்துகொண்டது. அன்று மேடைக்கு முன்னால் எரிந்த செல்போன் வெளிச்சம், மேடை விளக்கோடு போட்டி போட்டது. முழு நாடகமும் யூடியூபில் கிடைக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள். அது நன்மைதான். ஆனால் எட்டு மணி நேரத்திலிருந்து யாரோ வெட்டியெடுக்கும் ஒரு நிமிஷம் பெரும்பாலும் டான்ஸ் பெண் குனியும் நிமிஷமாகவே இருக்கிறது. ரேஷன் கடைப் பாட்டு அந்த வெட்டில் வராது. ஒரு ஊரில் சொன்ன ஜோக் மறுநாள் அடுத்த ஊருக்குப் போன் வழியாக முன்னாலேயே போய்விடுவதால், பத்து ஊருக்கு ஒரு ஜோக் என்ற பழைய வாய்ப்பாடும் உடைந்துவிட்டது.

சிரிக்கவைத்தவளுக்கு என்ன மிச்சம்?

பபூன் கதையைச் சொல்லிவிட்டு டான்ஸ் பெண்ணை விட்டுவிட்டால் அது பாதிக் கட்டுரை. அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி, இந்தக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போய், 2005-ல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழ் மேடையின் மேல் விழுந்த களங்கம்தான் அதன் பொருள். நாடகத்துக்குப் போகும் பெண், வேனில் எங்கே உட்காருகிறாள், பஸ் ஸ்டாண்டில் எப்படி நிற்கிறாள், ஒப்பனைப் பெட்டியை எப்படி மறைக்கிறாள் என்பது வரை அவர் கவனித்தார். மேடையில் யாரோடும் மோதத் தயங்காதவள், ரோட்டில் ஒரு பார்வைக்கும் இடம் கொடுக்காமல் நடக்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. வீடு வாடகைக்குக் கேட்கும்போது தொழிலைச் சொல்லத் தயக்கம். பிள்ளையின் பள்ளியில் சொல்லத் தயக்கம். பங்குனியில் தொடங்கும் திருவிழாக் காலம் ஓய்ந்ததும் வருமானத்துக்குத் தயக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது சரியாகப் பங்குனியில். அடுத்த ஆண்டு இரண்டாம் அலையும் சித்திரை, வைகாசியில்தான் அடித்தது. இரண்டு ஆண்டுப் பிழைப்பு அப்படியே போனது. 2007 முதல் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் வேலையும் ஆறு மாதம் வெறும் கையுமாக இருக்கும் வாழ்க்கைக்கு வாரியத்தின் அட்டை மட்டும் போதாது.

பெட்டிச் செய்தி: பார்க்கப் போகிறீர்களா?

டீக்கடைச் சுவரைப் பாருங்கள். நாடக நோட்டீஸ் அங்கேதான் ஒட்டியிருக்கும், கலைஞர்களின் படத்தோடு.

பாயும் போர்வையும் எடுத்துப் போங்கள். நடுவில் தூங்கினால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். வேலன் வரும்போது பக்கத்துப் பாய்க்காரர் எழுப்பிவிடுவார்.

பிடித்திருந்தால் அன்பளிப்பை விழாக் குழுவிடம் கொடுங்கள், மைக்கில் பெயர் சொல்லி வாழ்த்துவார்கள். டான்ஸ் பெண் மேல் நோட்டைக் குத்தப் போகாதீர்கள்.

படம் பிடித்தால் முழுக் காட்சியையும் பிடியுங்கள்.

நாரதர் வந்ததும் எழுந்து போகாதீர்கள். பபூன் காட்டிய பாதிக்கு மீதி அங்கேதான் இருக்கிறது.

கிழவன் கேட்டது என்ன?

நான்கு மணி இருக்கும். திடலில் பாதிக் கூட்டம் தூங்குகிறது. ராஜபார்ட் நரைத்த தாடியோடு விருத்தனாகத் தடியூன்றி வந்தார். இந்தமுறை குரலில் கேலி இல்லை. தேனும் தினைமாவும் கேட்டார். வள்ளி கொடுத்தார். விக்கியது. மேடையோரத்தில், ஒப்பனை கலைத்துச் சாதாரணக் கைலியில் உட்கார்ந்திருந்த பபூன், கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் பதினொன்றரைக்குச் சிதைத்த காட்சி, ஒரு கீறல் இல்லாமல் முழுசாக நடப்பதைப் பார்க்கிற முகம் அது.

விடிந்தது. மாலை மாற்றி, மங்களம் பாடி முடிந்ததும் பாய்கள் சுருண்டன. பால் வண்டி ஒன்று திடலைச் சுற்றிக்கொண்டு போனது. அப்பத்தாவின் பேரன் பன்னிரண்டு மணிக்கே தூங்கிப்போனவன். எழுந்ததும் துண்டைத் தலையில் போட்டு, முதுகைக் கூனி, இருமிக் காட்டினான்.

"அப்பத்தா, பசிக்குது… பிரியாணி குடு!"

அப்பத்தா சிரித்தார். பாயை உதறி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் பேரனைப் பிடித்துக்கொண்டார்.

"பிரியாணி இல்லடா. தேனும் தினைமாவும். வா, சொல்றேன்."

கரூர் ரோட்டுப் பக்கமாக இருவரும் நடந்தார்கள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனது என் காது வரை வந்தது: "தினைமாவுன்னா என்ன அப்பத்தா?"